விளக்கு எரியாத காற்று

என் தாய்மாமன் செங்கோடன் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, உறியில் வைத்த அகல் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். சற்றுப் பொறுத்து மேலே இழுத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்துக்குங்க எல்லாரும்" என்று உறியை உயர்த்திக் காட்டினார். "ஆடாம அசையாம எரியுது. உள்ள காத்து சுத்தமுங்க."

என் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தி வீட்டார் தலையை ஆட்டினார்கள். என் அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வடக்கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்ற ஆரம்பித்தார். உள்ளே இறங்கித் தூர் வாரப்போவது அவர்தான்.

அவர் காலடியில் விளக்குக் கயிறு பாதி சுருண்டு கிடந்தது. அந்தப் பாதி கிணற்றுக்குள் போகவே இல்லை.

இந்த இடத்தில் மாமாவைக் கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு, நான் பூமி பிறந்த கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு ஒன்றும் அவசரமில்லை. அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே அவசரம் செத்துப்போவதுதான்.

கரையானுக்கு அடுத்தபடியாக நான்

அப்போது நான் சேலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். யுத்தம் வரப்போகிறது என்று பேப்பரில் போட ஆரம்பித்திருந்த காலம். அஸ்தம்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டின் முன்அறையில் வாடகைக்கு இருந்தேன். ஏற்காடு ரோட்டில் மாட்டு வண்டிகள் போகும். எப்போதாவது ஒரு கரிவாயு பஸ் இருமிக்கொண்டே மலையைப் பார்த்துப் போகும். மலை ஏறியதா என்று கேட்கக் கூடாது.

கரிவாயு பஸ் யுத்தம் வந்த பிறகு அல்லவா வந்தது என்று யாராவது எழுதிப்போடுவீர்கள். இருக்கலாம். எனக்கு அந்த ரோடும் இருமலும் சேர்ந்தேதான் நினைவில் இருக்கின்றன.

எங்கள் ஹெட்மாஸ்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கோடை லீவு விடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"லீவு முடிஞ்சு வரும்போது ஒரு பிரசங்கம் தயார் பண்ணிட்டு வந்துடுங்க, சார். பூமிக்குக் காத்து எப்படி வந்துச்சுன்னு. பசங்களுக்குப் புரியணும். எனக்கும் புரியணும்."

காற்று எப்படி வந்தது என்று நான் அதுவரை யோசித்ததே கிடையாது. மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூட அலமாரியில் பருமனான இங்கிலீஷ் புத்தகங்கள் சில இருந்தன. அவற்றை எனக்கு முன்பே கரையான் படித்திருந்தது. அது விட்டுவைத்த பக்கங்களை நான் படித்தேன்.

முதல் காற்று

படித்ததில் புரிந்ததைச் சொல்கிறேன். பிற்பாடு தெரிந்ததையும் அங்கங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

பூமி பிறந்தபோது நெருப்புக் கோளம். அப்போது அதைச் சுற்றி இருந்த லேசான வாயுக்கள் எல்லாம் ஆகாயத்தில் ஓடிப்போய்விட்டன. பிறகு பூமி தன் வயிற்றிலிருந்தே ஒரு காற்றைக் கக்கியது. எரிமலை வாயெல்லாம் நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன், இன்னும் சில நாற்றங்கள். பிராணவாயு மட்டும் இல்லை. அந்தக் காற்றில் ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் எரியாது. கிழிக்கிற ஆளும் நிற்க மாட்டான்.

சூடு தணிந்ததும் நீராவி மழையாகக் கொட்டியது. வருஷக்கணக்காக விடாமல் பெய்தது என்று போட்டிருந்தது. சேலம் ஜில்லாவில் பிறந்தவன் இதை மட்டும் சிரமப்பட்டுத்தான் நம்ப வேண்டும். கடல் உண்டாயிற்று. கரியமில வாயுவில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து, மண்ணோடு சேர்ந்து, கல்லாகிவிட்டது.

கல்லான காற்று எங்களுக்குப் புதிதல்ல. ஏற்காடு ரோட்டில் நின்று மேற்கே பார்த்தால் வெள்ளைக்கல் வெட்டுகிற குன்றுகள் தெரியும். அந்தக் கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால் பாதி எடை வாயுவாகப் போய்விடும். மிச்சம்தான் மூட்டையாகி ரயிலேறும். எந்தக் காலத்திலோ கல்லுக்குள் அடைபட்ட காற்றை, எங்கள் ஆட்கள் கூலிக்கு விடுதலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கூலி ஏறாது.

பிராணவாயு எங்கிருந்து வந்தது? பாசியிலிருந்து. கடலில் மிதந்த கண்ணுக்குத் தெரியாத பாசி, வெயிலைச் சாப்பிட்டுவிட்டு நல்ல காற்றை வெளியே விட்டது. ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதுபாட்டுக்கு யுக யுகமாக விட்டுக்கொண்டே இருந்தது.

இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டு லீவுக்கு ஊருக்குப் போனேன். ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம்.

ஒரே விளக்கு, இரண்டு உத்தியோகம்

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், இரண்டுக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறது. தங்கை பேர் பாவாயி. மாப்பிள்ளையின் தகப்பனார் பழனியப்பக் கவுண்டர், பக்கத்து ஊர்க்காரர். வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். கல்யாணம் எங்கள் வீட்டில் என்று முடிவானதும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சனம் எத்தன வரும்னு தெரியுமுங்க. தண்ணி எத்தன வரும்?"

அது கடும் கோடை. எங்கள் புதுக்கிணற்றில் மாட்டுக்கும் மனுஷனுக்கும் போதுகிற அளவு ஊறிக்கொண்டிருந்தது. கல்யாணக் கூட்டத்துக்குக் காணாது. அப்பா, விட்டுக்கொடுக்காமல், "பழைய கெணறு ஒண்ணு இருக்குதுங்க. தூர் வாருனா ஊத்து எடுத்துக்கும்" என்று சொல்லிவிட்டார். "அப்ப வந்து பாத்துபோட்டே நாளக் குறிச்சர்லாமுங்க" என்றார் கவுண்டர். அதனால்தான் சம்பந்தி வீட்டார் அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்றார்கள்.

புதுக்கிணறு வெட்டியதிலிருந்து பழைய கிணற்றை யாரும் தொட்டதில்லை. சுற்றிலும் நின்ற வேம்பும் புங்கனும் வருஷா வருஷம் அதற்குள் இலையைக் கொட்டின. அடியில் இலை மக்கி, கறுத்து, கொழகொழவென்று கிடந்தது. அதில் முனி இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

பாழுங்கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் விளக்கு விட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் வேப்பங்கொப்புகளைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து, காற்றைக் கலக்கிவிட்டு, பொறுத்திருந்து மறுபடி விளக்கு விட வேண்டும். இது நல்ல வழக்கம். யார் கண்டுபிடித்தார்களோ, எத்தனை பேர் செத்த பிறகு கண்டுபிடித்தார்களோ.

கல்யாணம் பேசிய வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். அங்கே விளக்கு என்றால் அது மங்கலம். சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே விளக்கு அணைந்தால், அணைந்தது விளக்கு மட்டும் அல்ல. ஆகவே அன்றைக்கு அந்த அகல் விளக்குக்கு இரண்டு உத்தியோகம். காற்று கெட்டிருந்தால் அணைய வேண்டும். பெண்ணின் வாழ்வுக்காக அணையாமலும் இருக்க வேண்டும்.

மாமா இதை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். விளக்கைப் பாதிக் கிணறு வரைக்கும் மட்டும் விட்டார்.

இடுப்பில் கயிறு

இப்போது மாமாவிடம் திரும்பிவிடலாம். இடுப்பில் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சுருண்டு கிடந்த கயிற்றை நான் பார்த்தேன். கரியமில வாயு காற்றைவிடக் கனம். அடியில்தான் தேங்கி நிற்கும். மேல் பாதி சுத்தமாக இருப்பதால் கீழ்ப் பாதியும் சுத்தமாகிவிடாது. என் வாய் "கரியமில" என்று ஆரம்பித்தது.

அதற்குள் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து பாவாயி வந்துவிட்டாள். கல்யாணப் பெண் அந்த நேரத்தில் அங்கே வரக் கூடாது. வந்தாலும் பேசக் கூடாது.

"மாமா, கயிறு பாதி கீழ கெடக்குது" என்றாள்.

"நீ ஊட்டுக்குள்ள போ சாமி."

"வெளக்கு பாதிக் கெணத்துக்குத்தான் போச்சு. நீங்க முழுக் கெணத்துக்கும் போறீங்க."

மாமா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும்.

"அணைஞ்சா இந்தச் சம்பந்தம் நின்னுபோகும் கண்ணு. நாம்பாட்டுக்கு மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்கிக்கறேன்."

"தூர் வாரி முடியற வரைக்கும் மூச்சப் புடிப்பீங்களாக்கும்?"

மாமா இடுப்பு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

"நீங்க செத்துப்போனா மட்டும் கல்யாணம் நடக்குமுங்களா? எழவு ஊட்டுல யாரு பந்தல் போடுவாங்க?"

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். இதை அவர் யோசித்திருக்கவே இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்காக உயிரைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர், கொடுத்ததற்கு மறுநாள் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது. தாய்மாமனை அறைய முடியாது. சும்மா நின்றேன்.

பாவாயி விளக்குக் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, நீ உடு. முழுசா உடு."

அப்பா "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மச்சினன் இடுப்பில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கை இறக்கினேன். பாதிக் கிணறு வரை நன்றாக எரிந்தது. அதற்குக் கீழே போனதும் சுடர் குறுகியது. இன்னும் கொஞ்சம் விட்டேன். யாரோ விரலால் திரியைக் கிள்ளியது போல அணைந்துவிட்டது. காற்று அடிக்கவில்லை, ஓசை இல்லை.

பழனியப்பக் கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிங்க. நாங்க பொறப்படறமுங்க."

'போயிட்டு வாரோம்' என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்பா கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் செய்த முதல் பிரசங்கம்

அணைந்த விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவர்கள் வழியை மறித்து நின்றேன். ஹெட்மாஸ்டருக்காகத் தயார் செய்த பிரசங்கம் அங்கேயே வெளியே வந்துவிட்டது. உலகத்தின் ஆதிக் காற்றைப் பற்றிச் சம்பந்தி வீட்டாரிடம், ஒரு கல்யாணம் நின்றுபோகாமல் இருப்பதற்காகப் பேசியவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கவுண்டர் நின்று கேட்டார். மரியாதை தெரிந்தவர்.

"ஏனுங்க வாத்தியாரே, அப்ப ஆதியில இந்தப் பூமி பூராவும் உங்க கெணத்தாட்டத்தான் இருந்துச்சுங்கறீங்க?"

"ஆமாங்க. எங்க வெளக்கு வெச்சாலும் அணைஞ்சிருக்குமுங்க."

"அபசகுனம் பாக்க ஆளுக இருந்தாங்களா?"

"யாருமே இல்லீங்க."

"அப்பறம் ஆரு வந்து கொப்பு உட்டுக் காத்தக் கலக்குனது?"

இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

"பாசிங்க" என்றேன்.

"பாசியா?"

"கொளத்துல பச்சையா மெதக்குதே, அதோட சாதி சனந்தானுங்க. வெயிலத் தின்னுபோட்டு நல்ல காத்த உட்டுச்சு. கோடிக்கணக்கான வருசமா."

கவுண்டர் என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். மகனைப் படிக்க வைத்த தகப்பனைப் பார்க்கிற பார்வை அது. அதில் இரக்கம் இருந்தது.

"அத்தன வருசம் உட்டுதுன்னா, அந்த நல்ல காத்து எங்க போச்சு? சட்டுன்னு ரொம்பியிருக்கோணுமில்ல?"

இதற்குப் பதிலை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். ஆதிக் கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. பாசி விட்ட பிராணவாயுவை முதலில் அந்த இரும்புதான் பிடித்துத் தின்றது. அப்படி அடியில் போய்ப் படிந்தது பிறகு பாறையாயிற்று. இரும்புக்குப் பசி அடங்கிய பிறகுதான் காற்றுக்குப் பங்கு கிடைத்தது. கறுப்பு ஒரு வரி, வெளுப்பு ஒரு வரியாக அந்த மாதிரிப் பாறை இருக்கிற இடங்களில் எங்கள் கஞ்சமலையும் ஒன்று. அன்றைக்குக் கவுண்டர் கேள்வி கேட்டபோது, வடக்கே வெகு தூரத்தில் கஞ்சமலை நீலமாகத் தெரிந்தது. பதில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. நான் திருதிருவென்று விழித்தேன்.

"கேக்க நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் கவுண்டர். "ஆனா அணைஞ்சது உங்க கெணத்துலதானுங்களே?"

பாவாயி மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க மாமா, உங்க தோட்டத்துலயும் ஒரு பாழுங்கெணறு இருக்குதாமே? ஊட்டுக்குப் போயி அதுலயும் ஒரு வெளக்கு உட்டுப் பாருங்க. முழுக் கயிறும் உடுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நிச்சயமாகாத மருமகள், மாமனாருக்கு வேலை சொல்கிறாள். கவுண்டர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டி ஏறினார்.

தண்ணீர் வண்டி

அன்று பொழுது சாயும் வரை நானும் மாமாவும் வேப்பங்கொப்பைக் கட்டிக் கிணற்றுக்குள் இழுத்து இழுத்து விட்டோம். கல்யாணம் இல்லை என்றாலும் கிணறு இருக்கிறதே. வீட்டில் அடுப்பு மூட்டினார்கள், சோறு ஆக்கினார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. பாவாயி மட்டும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

விடிந்ததும் வாசலில் வண்டிச் சத்தம். இரண்டு வண்டி. இரண்டிலும் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர். முன்வண்டியிலிருந்து பழனியப்பக் கவுண்டர் இறங்கினார்.

அப்பா ஓடிப்போய்க் கும்பிட்டார். கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அணைஞ்சு போச்சுங்க" என்றார். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "உங்க கெணத்த உட எங்க கெணத்துல சீக்கரமா அணைஞ்சுது" என்றார்.

அப்பா "அப்படீங்களா" என்றார்.

"இந்த வாரம் எம் பையன் தூர் வார அதுல எறங்கறதா இருந்துச்சுங்க. நாங்க வெளக்கு கிளக்கு ஒண்ணும் உடறதா இல்ல. கல்யாணம் கூடி வர்ற நேரத்துல எதுக்குன்னு."

துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாவாயிதான் சொம்பில் கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பை அவள் கையில் கொடுத்தார்.

"போயிட்டு வாரேன் அம்மிணி" என்றார்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

லீவு முடிந்து சேலம் போய் அதே பிரசங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் செய்தேன். பையன்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். தனக்குப் புரிந்துவிட்டது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. கிணற்று மேட்டில் எனக்குக் கிடைத்த மாதிரிக் கூட்டம் அதற்குப் பிறகு எந்தப் பிரசங்கத்துக்கும் கிடைக்கவில்லை.

அதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே, கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. மாமா வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து பாவாயி பின்னால் நின்றார். பட்டத்தின் நாடாவை இரண்டு தடவை நழுவவிட்டார்.

பாவாயி தலை குனிந்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

"முழுசாக் கட்டுங்க மாமா. பாதியில உட்டுறாதீங்க."

மாமா கட்டி முடித்தார். பிறகு அங்கேயே நின்று தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகை என்றார். அடுப்பு வீட்டுக்குப் பின்புறம் இருந்தது.